நாற்பத்திரண்டு எண்ணும் வரை

இரண்டு இருபதுக்குத் தாரணி பொத்தானை அழுத்தினாள். காற்றை அளக்கும், சோப்புப் பெட்டி அளவே இருந்த அந்தக் கருவி ஒருமுறை கீச்சென்று கத்திவிட்டுத் தன் பச்சை முகத்தில் எண்களைக் காட்டத் தொடங்கியது. இனி நாற்பது நிமிடம். மூன்று மணி வரைக்கும் இந்த அறையில் எதையும் மாற்றக்கூடாது, யாரையும் எழுப்பக்கூடாது, ஜன்னலைத் தொடக்கூடாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று மனசுக்குள் சொல்லி முடிப்பதற்குள் உள்ளங்கை வேர்த்துவிட்டது. பதினாலு பெண்கள் காதில் போனை மாட்டிக்கொண்டு சேலை விற்றுக்கொண்டிருந்தார்கள். "ஆமாங்க, சாயம் போகாதுங்க", "இல்லீங்க, அது மயில் பச்சை இல்லீங்க, கிளிப் பச்சை", "பிளவுஸ் பிட்டு சேர்ந்து வருமுங்க்கா" என்று பதினாலு குரலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, தேன்கூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது போல இருந்தது. மதியம் மூன்று மணியானால் இதில் பாதிப்பேருக்குத் தலை வலிக்கிறதாம். ராத்திரியெல்லாம் போனைப் பார்த்தால் வலிக்காமல் என்ன செய்யும் என்று முதலாளி சொல்லிப் பார்த்திருக்கிறார். பிறகு இரண்டு பேர் வேலையை விட்டுப் போன பின்னால்தான் காற்றைச் சோதிக்க ஆள் கேட்டு எழுதினார். அந்த ஈரோட்டு அறையைத்தான் தாரணியின் செய்முறைத் தேர்வுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில், துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தார் தேர்வாளர் யூனிஸ் மேடம். தூங்குகிறாரா பார்க்கிறாரா என்று தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. முறைத்துப் பார்க்கிற ஆளுக்கு முன்னால் எப்படி உட்காருவது என்று தெரியும். கண்ணை மூடிக்கொண்டிருக்கிற ஆளுக்கு முன்னால் எப்படி உட்காருவது?

கருவியைச் சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறாளா? வைத்திருக்கிறாள். உட்கார்ந்திருப்பவரின் மூக்கு உயரம், ஏசி காற்று நேராகப் படாத மேசை, சுவரிலிருந்து தள்ளி. தரையில் வைத்தால் எறும்புக்கு, கூரையில் வைத்தால் பல்லிக்கு என்று புத்தகத்தின் ஓரத்தில் அவளே பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், முழுக்க இங்கிலீஷ். ஒரு பக்கத்துக்கு எட்டு வார்த்தை அகராதியில் தேடி, பேருந்தில் நின்றுகொண்டே படித்து, எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். உள்ளரங்கக் காற்று நல ஆய்வாளர். இந்தப் பட்டத்தை அம்மாவிடம் சொன்னபோது, "வீட்டுக்குள்ளாற இருக்கற காத்துக்குக்கூட ஒரு படிப்பு இருக்குதா கண்ணு?" என்று கேட்டுவிட்டு, "இருக்கோணுமல்ல, இருந்தாத்தான் அப்படி வெச்சிருப்பாங்க" என்று அம்மாவே பதிலும் சொல்லிக்கொண்டாள். வீட்டில் முதல் பட்டதாரி. கல்லூரி விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்துக்குள் டிக் அடித்தபோது பெருமையாக இருந்தது. இப்போது யோசித்தால், முதல் என்றால் முன்னால் போன ஆள் யாருமில்லை என்று அர்த்தம். எங்கே பள்ளம், எங்கே மேடு என்று கேட்க ஆளில்லை. விழுந்தால்தான் தெரியும். ஒருமுறை விழுந்தும் ஆயிற்று. நாலு மாதம் முன்பு சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக் கணினி அறை. பிள்ளைகள் ஒரே கூச்சல், கருவியைத் தட்டிவிடுவார்களோ என்று பயந்து, அத்தனை பேரையும் வெளியே போய் விளையாடுங்கள் என்று அனுப்பிவிட்டு, அழகாக, அமைதியாக, ஒரு எண் பிசகாமல் அளந்தாள். அளந்து முடித்து நிமிர்ந்தபோது தன்னைப் போல் உண்டா என்றுதான் இருந்தது. மூன்று வாரம் கழித்து வந்த தாளில் ஒரே ஒரு வரி. 'காலி அறையை அளந்திருக்கிறீர்கள்.' அந்த வரியைப் படித்தபோது முதுகுத்தண்டில் யாரோ ஐஸ் தண்ணீரை விட்டது போல இருந்தது. காலி அறையில் யாருக்குத் தலை வலிக்கும்? இது இரண்டாவது வாய்ப்பு. இதிலும் போனால் ஒரு வருடம் காத்திருந்து எழுத்துத் தேர்விலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். மணி இரண்டு இருபத்தைந்து. குனிந்து பார்த்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து. எழுதினாள்.

பத்து லட்சம் பங்கு காற்றில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்துப் பங்கு, மனிதர்கள் வெளியே விட்ட கரியமில வாயு. தெருவில் நானூற்று முப்பதுதான் இருந்தது, உள்ளே நுழையும் முன்பே பார்த்துக் குறித்துவிட்டாள். ஓர் அறைக்குள் ஆயிரத்துக்கு உள்ளே இருந்தால் நல்லது. இங்கே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சரியாகத்தான் போகிறது. இரண்டு ஜன்னலையும் தெர்மகோல் அட்டை வைத்து அடைத்து, மேலே பழுப்பு டேப் ஒட்டி, அந்த டேப்பின் மேலேயே கொசுறாக ஒரு சாமி காலண்டரையும் மாட்டியிருந்தார்கள். ஏசி குளிர்ச்சி வெளியே போகக்கூடாதாம். ஏசி புதுக் காற்று எதையும் கொண்டுவராது. இருக்கிற காற்றையே குளிர வைத்துக் குளிர வைத்துத் திருப்பிக் கொடுக்கும், ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிற ஆள் மாதிரி. மேற்பார்வை பார்க்கிற சுகுணா அக்கா கையில் ஒரு ஸ்பிரே டப்பாவோடு வந்து நின்றாள். "ஏனுங்க மேடம், மல்லிப்பூ வாசம். இதைக் கொஞ்சம் அடிச்சு விடட்டுங்களா? நீங்கெல்லாம் வந்திருக்கீங்க, ரூமு கப்புனு கெடக்குதுங்க." வேண்டாம் என்ற வார்த்தை தாரணியின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சேலத்தில் இப்படி நடப்பதை மாற்றப் போய்த்தான் கவிழ்ந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, "தினமும் இந்த நேரத்துக்கு அடிப்பீங்களாக்கா?" என்று கேட்டாள். "தெனமும்தானுங்க. ரெண்டரைக்கு ஒருக்கா, தலவலி ஆரம்பிச்சா இன்னொருக்கா." "அப்படீன்னா அடிங்க. நான் இல்லாத மாதிரி இருந்துக்குங்க." சுகுணா அக்கா சிரித்தாள். "இத்தாம்பெரிய ஆளு நடுவால உக்கோந்திருந்தா எப்படிங்க இல்லாத மாதிரி இருக்கறது?" ஜன்னல் பக்கத்துப் பெண் போனைப் பொத்திக்கொண்டு, "அக்கோவ், அவங்க பரீட்சை எழுதறாங்க, பேச்சுக் குடுக்காத" என்றாள். பரீட்சை என்று எப்படித் தெரிந்தது? முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறதா? புஸ்ஸென்று மல்லிகை வாசம் பரவியது. மல்லிகை மாதிரி ஒன்று. நேரத்தைக் குறித்து, 'வழக்கமாக அடிக்கும் வாசனைத் தெளிப்பான்' என்று எழுதினாள். மூலையைப் பார்த்தாள். யூனிஸ் மேடத்தின் கண் மூடியே இருந்தது. மூக்கு மட்டும் லேசாகச் சுருங்கியது. இரண்டு முப்பது. குனிந்தாள். இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது.

முந்நூற்று முப்பது ஏறியிருக்கிறது. ஐந்து நிமிடத்தில். சரி, பேச்சு கூடியிருக்கலாம், பேசினால் மூச்சு கூடும். ஆனால் பேச்சு அப்படியே இருந்தது போலத்தானே இருக்கிறது? எழுது, எண்ணை எழுது, யோசனையை அப்புறம் வைத்துக்கொள். மூன்று வருடமாக இந்தக் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூரிலிருந்து திருப்பூர், கரூர், உடுமலை என்று அலைகிறாள். அளப்பது அவள். அறிக்கை எழுதுவது அவள். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவது அவள் மேலதிகாரி பாலமுரளி சார். அவர் அந்த இடத்தின் வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டார். சான்றிதழ் அவரிடம் இருக்கிறது, அவளிடம் இல்லை. நல்ல மனிதர்தான், தீபாவளிக்கு எல்லோருக்கும் ஸ்வீட் பாக்கெட் தருவார். ஆனால் அந்தப் பெண்கள் விடுதி. வேண்டாம், இப்போது அது வேண்டாம். வேண்டாம் என்றால் வராமலிருக்குமா? போன வருடம் மழைக்காலம், கீழ்த்தளத்தில் நாலு கட்டில் போட்ட அறை, சுவர் ஓரக் கட்டிலுக்குப் பின்னால் ஆளுயரத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்து கிடந்தது. அந்தக் கட்டிலில் படுக்கிற பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அத நான் மரம்னு நெனச்சுக்குவேன்க்கா, இந்தப் பக்கம் பாருங்க, ஒரு கெளை கூட வந்திருக்கு" என்று விரலால் வரைந்து காட்டினாள். தாரணி அறிக்கையில் எழுதினாள். 'சுவரை ஒட்டி யாரும் படுக்கக் கூடாது.' பாலமுரளி சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னார். "இந்த வரி வேண்டாம்மா. சுவர்ல ஈரம் இருக்குன்னு மட்டும் போடு. ஈரம்னா யாரும் பயப்பட மாட்டாங்க." கையெழுத்துப் போடுகிறவர் சொல்கிறார். ஐந்தே வார்த்தைதான். அழிக்கும் விசையை அழுத்திப் பிடித்ததும் ஒரு நொடியில் பின்னாலிருந்து முன்னாலாகப் போய்விட்டது. 'கூடாது' போயிற்று, 'படுக்க' போயிற்று, 'யாரும்' போயிற்று. அந்தப் பெண் இன்னும் அந்த மரத்தடியில்தான் படுத்திருக்கிறாளா? போய்ப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பார்த்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவள் கையெழுத்து அந்தத் தாளில் இருந்திருந்தால் அந்த ஐந்து வார்த்தையை யாராலும் அழித்திருக்க முடியாது. சம்பளம் கூடும், விசிட்டிங் கார்டு வரும், எல்லாம் சரி. ஆனால் அவளுக்கு வேண்டியது அந்தக் கையெழுத்துதான். இரண்டு முப்பத்தைந்து. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது.

இறங்கிவிட்டது. ஏறியது எப்படி இறங்கும்? கதவு ஒருமுறைகூடத் திறக்கவில்லை, அவள்தான் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாளே. பதினாலு பேரில் யாரும் எழுந்து போகவில்லை, எண்ணிப் பார்த்தாள், பதினாலு, மறுபடி எண்ணினாள், பதினாலு. மூடிய பாத்திரத்தில் தண்ணீர் தானாகக் குறையுமா? கருவி கெட்டுவிட்டதா? காலையில்தான் சரி பார்த்தாள். பார்த்தாளா? தெரு வாசலில் நின்று நானூற்று முப்பது என்று பார்த்தாளே, அது சரிதான். பழைய கருவி, தானாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. அந்த நொடியில் என்ன காட்டுகிறதோ அதுதான், எழுதினால் உண்டு, விட்டால் போயிற்று. அடுத்ததைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்று இரண்டு முப்பத்தொன்பதுக்கே குனிந்துகொண்டாள். கண் கூசியது. முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். பதற்றத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. எண் ஏறியது. இரண்டாயிரம். இரண்டாயிரத்து நூறு. அவள் பார்க்கப் பார்க்க, பார்ப்பது பிடித்திருப்பது போல, ஏறிக்கொண்டே போனது. இரண்டாயிரத்து நானூற்றுப் பத்து. எழுதினாள். நிமிர்ந்து சாய்ந்தாள். ஓரக்கண்ணால் பார்த்தாள். இரண்டாயிரத்து முந்நூறு. இரண்டாயிரத்து நூறு. இறங்குகிறது. அவள் சாய்ந்தால் இறங்குகிறது. அப்போதுதான் உறைத்தது. அறையில்லை. அவள்தான். குனியும்போதெல்லாம் மூச்சை அடக்கி, எண்ணைப் படித்து முடித்ததும் ஹப்பாடா என்று கருவியின் முகத்திலேயே விட்டிருக்கிறாள். இதுவரை எழுதியது பதினாலு பெண்களின் காற்றில்லை. தாரணி என்கிற ஒருத்தியின் பயம். பயத்தை அளந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, நேரம் போட்டு, கோடு போட்ட தாளில், அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள். போனமுறை ஆளே இல்லாத அறை. இந்தமுறை அவளைத் தவிர வேறு ஆளில்லாத அறை.

யாருக்கும் தெரியாது. முதலில் வந்த நினைப்பு அதுதான், பொய் சொல்லக்கூடாது, அதுதான் முதலில் வந்தது. மேடத்தின் கண் மூடியிருக்கிறது. கருவிக்கு நினைவு கிடையாது. அறையில் காற்று கெட்டுத்தான் கிடக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. இரண்டாயிரத்து நானூறு என்று போட்டால் முதலாளி இன்னும் சீக்கிரம் பயப்படுவார், ஜன்னலை இன்னும் சீக்கிரம் திறப்பார், நல்லதுதானே? நல்லதுதானே. பாலமுரளி சாரும் நல்லதுக்குத்தான் சொன்னார். ஈரம் என்று போடு. ஒருவர் குறைத்துப் போட்டார், இன்னொருத்தி கூட்டிப் போடுகிறாள், அவ்வளவுதான் வித்தியாசம். விதி என்ன சொல்கிறது? மொத்தம் எட்டு அளவு. குறைந்தது ஆறு செல்லுபடியாக வேண்டும். எழுதியதில் நாலு போனால் மிச்சம் நாலு. நாலு போதாது. அடித்தால் தோல்வி, அவளே அவள் கையால். அடிக்காவிட்டால் ஆய்வாளர். ஆய்வாளர் தாரணி. எதை வைத்து? தாளைப் பார்த்தாள். 2240. 2410. நாளைக்கு ஒரு அறிக்கையில் இந்தக் கையெழுத்தைப் பார்த்து யாராவது ஒரு பெண் கட்டிலை நகர்த்திப் போட வேண்டும். நம்பி நகர்த்த வேண்டும். பேனாவை எடுத்தாள். அழிக்கக்கூடாது, கிறுக்கக்கூடாது, அடியிலிருப்பது படிக்கும்படி ஒற்றைக் கோடு. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. பக்கத்தில் எழுதினாள்: 'அளப்பவரின் மூச்சு கருவியில் பட்டது. இந்த நான்கும் செல்லாது.' நேரம், இரண்டு நாற்பத்து மூன்று. சுருக்கொப்பம். அதன் கீழே, கேட்க ஆளில்லாததால் அவளே யோசித்து, இன்னொரு வரி: 'ஆறு அளவுக்காக, மூன்று பத்து வரை நீட்டிக்கிறேன்.' நீட்டலாம் என்று விதியில் இல்லை. நீட்டக்கூடாது என்றும் இல்லை. நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் கண்ணுக்குள் புரட்டிப் பார்த்துவிட்டாள், இல்லை.

நாற்காலியைப் பின்னால் இழுத்தாள். ஒன்றரைக் கை தூரம். அங்கிருந்து எண் தெரியவில்லை, கருவியின் கண்ணாடியில் டியூப்லைட் வெளிச்சம் அடித்தது. கிட்டே போகத்தான் வேண்டும். கிட்டே போய், பார்த்து, திரும்பி வரும் வரைக்கும் மூச்சு விடக்கூடாது. அதற்கு எத்தனை நேரம் ஆகும்? பன்னிரண்டு எண்ணலாம். பதினைந்து? சட்டென்று அவளுக்குச் சிரிப்பு வந்தது, இந்த இடத்தில், இந்த நேரத்தில். மூச்சை அடக்குவதா? அதில் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க இந்த ஊரில் ஆள் உண்டா? பள்ளிக்கூட நாட்களில், சனிக்கிழமை என்றால் அம்மாவுக்கு மதியச் சோறு கொண்டுபோவாள். மஞ்சள் கிடங்கு. உள்ளே இரும்பு உருளை கடகடவென்று சுற்றி மஞ்சள் கிழங்கின் தோலை உரிக்கும். உரிகிற தோலெல்லாம் தூளாகி, தூளெல்லாம் புகையாகி, பத்தடிக்கு அந்தப் பக்கம் ஆள் இருப்பது மஞ்சள் நிழலாகத்தான் தெரியும். வாசலில் நின்று நன்றாக இழுத்துக்கொண்டு, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, சோற்றுத் தூக்குப் போசியோடு ஓடுவாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூட்டைகளைத் தாண்டி, தராசைத் தாண்டி, அம்மா நிற்கிற கடைசி உருளை வரைக்கும் இருபது. போசியைக் கொடுத்து, தலையை ஆட்டி, திரும்பி வாசலுக்கு வர நாற்பத்திரண்டு. வெளியே வந்து வேப்பமரத்துக்குக் கீழே ஹா என்று விடுவாள். அம்மா நவமணி அங்கேயே நிற்பாள். காலை எட்டிலிருந்து ஆறு வரை. அவள் எத்தனை எண்ணுவாள்? புருவத்தில் மஞ்சள், காது மடலில் மஞ்சள், இருமினால் முந்தானையில் மஞ்சள். வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டுக்காரி, "உனக்கென்ன நவமணி, தெனமும் மஞ்சத் தேச்சுக் குளிச்ச மாதிரி மங்களகரமா வர்றே" என்பாள், அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள், சிரித்து முடித்து இருமுவாள். அம்மா பேசக் காத்திருக்காமல் ஓடி வந்ததுதான் தாரணிக்கு இன்றைக்கு வரைக்கும் உறுத்தல். "நில்லு கண்ணு, தண்ணி குடிச்சுட்டுப் போ" என்பாள். பதில் சொன்னால் மூச்சு போய்விடும். தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஓடிவிடுவாள். அம்மா அதை என்னவென்று நினைத்திருப்பாள்? பொண்ணுக்குப் படிப்பு ஏறிவிட்டது, கிடங்கில் நிற்க வெட்கப்படுகிறாள் என்றா? கேட்டதில்லை. இரண்டு நாற்பத்தைந்து. எழுந்தாள். நன்றாக இழுத்துக்கொண்டாள். ஒன்று, இரண்டு, மேசை, ஐந்து, ஆறு, குனிந்தாள், எண்ணைப் பார்த்தாள், நிமிர்ந்தாள், பின்னால் நடந்தாள், பதினொன்று, பன்னிரண்டு, நாற்காலிக்குப் பின்னால் முகத்தைத் திருப்பி விட்டாள். ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு.

இரண்டு ஐம்பது, ஆயிரத்து எண்ணூறு. இரண்டு ஐம்பத்தைந்து, ஆயிரத்து எண்ணூற்றுப் பத்து. துள்ளல் இல்லை, குதிப்பு இல்லை. படிக்கட்டு ஏறுகிற வயசான ஆள் மாதிரி ஒவ்வொரு அடியாக, நிதானமாக. உண்மை இத்தனை அமைதியாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. இரண்டாயிரத்து நானூறு போலக் கத்தவில்லை. ஆனால் அசையவுமில்லை. மூன்று மணி, ஆயிரத்து எண்ணூற்று முப்பது. அவள் கன்னத்தை உப்பிக்கொண்டு போவதையும் வருவதையும் ஜன்னல் பக்கத்துப் பெண் பார்த்துவிட்டாள். "என்னங்க்கா, கெணத்துல முங்கி எந்திரிக்கறீங்களா?" என்றாள். பதில் சொன்னால் போய்விடும், தலையை ஆட்டினாள். யாரோ நெற்றியில் தைலம் தேய்த்தார்கள், சுள்ளென்று வாசம் வந்தது. "வந்துருச்சுடி மூணு மணி மாமன்" என்று இன்னொருத்தி தலையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் கதவு திறந்தது. டீ. டீக்கார அம்மாள் கேனைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள், நாற்காலிகள் கிறீச்சிட்டுப் பின்னால் போயின, மூன்று நான்கு பேர் எழுந்தேவிட்டார்கள். தாரணிக்குக் காது அடைத்தது. போகப்போகிறார்கள். அத்தனை பேரும் டீ குடிக்க வெளியே போகப்போகிறார்கள், இன்னும் இரண்டு அளவு பாக்கி, மறுபடியும் காலி அறை. போகாதீர்கள் என்று சொல்லலாம். சொன்னால் அதுவும் தப்பு, நடப்பதைத் தடுத்தது ஆகும். வாய் திறந்தது. மூடிக்கொண்டாள். போனால் போகட்டும், போனார்கள் என்று எழுதுவேன், தோற்றால் தோற்றேன் என்று எழுதுவேன். சுகுணா அக்கா கத்தினாள். "கதவச் சாத்துங்க பாட்டாயி, ஏசி போகுதுல்ல! ஏய், எங்கடி கெளம்பிட்டீங்க? வெளிய வெயிலு மண்டையப் பொளக்குது. அங்கங்க உக்கோந்து குடிங்க." பதினாலு பேரும் உட்கார்ந்தார்கள். கதவு சாத்திக்கொண்டது. தினமும் இப்படித்தான் போலிருக்கிறது. தலைவலிக்குக் காரணமே அதுதான், அவளைக் காப்பாற்றியதும் அதுவேதான். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் 'டீ இடைவேளை, யாரும் வெளியேறவில்லை' என்று எழுதினாள். மூன்று ஐந்து, ஆயிரத்து எண்ணூற்று நாற்பது. மூன்று பத்து. ஒன்று, இரண்டு, மேசை, குனி. ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது.

யூனிஸ் மேடம் கண்ணைத் திறந்தார். தூங்கின கண் இல்லை அது. குறிப்பேட்டை வாங்கி, நிதானமாக, கோடு போட்டு அடித்த நாலு எண்ணையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் படித்தார். "இது யார் மூச்சு?" "என்னோடது மேடம்." "எப்போ தெரிஞ்சுது?" "நாலாவது எழுதினப்புறம்தான் மேடம். முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்." "தெரிஞ்சிருக்கணும்" என்றார் மேடம், சமாதானம் எதுவும் சொல்லாமல். "நாற்பது நிமிஷம்னுதானே சொன்னேன். அம்பது ஆகியிருக்கு." "ஆறு அளவு வேணும் மேடம். நீட்டக்கூடாதுன்னு விதியில இல்ல. நான் பார்த்தேன்." "பார்த்தீங்களா?" "மனசுல பார்த்தேன் மேடம்." மேடத்தின் உதட்டோரம் அசைந்ததா, அல்லது அவளுக்குத் தோன்றியதா? "சரி. இன்னும் ஒரு பகுதி பாக்கி. என்ன கண்டுபிடிச்சீங்கன்னு இவங்களுக்குச் சொல்லுங்க. எனக்கில்ல, இவங்களுக்கு." தாரணி திரும்பினாள். பதினாலு டீ டம்ளர் அந்தரத்தில் நின்றது. இங்கிலீஷ் புத்தகத்து வார்த்தை ஒன்றுகூட வரவில்லை, எல்லாம் எங்கோ போய்விட்டது. "அக்கா, உங்க தலவலிக்கு போன் காரணம்னு சொல்றாங்கல்ல. உங்க ரூம்ல புதுக் காத்து வர வழியே இல்லைங்க. நீங்க விட்ட மூச்சையேதான் எல்லாரும் திருப்பித் திருப்பி இழுத்துட்டு இருக்கீங்க. காலைல விட்டது, மத்தியானம் சோறு தின்னப்ப விட்டது, எல்லாம் இங்கயேதான் சுத்துது." "உவ்வே" என்றாள் ஜன்னல் பக்கத்துப் பெண். "அப்ப நா இழுக்கறது சுகுணாக்கா மூச்சா?" அறையே வெடித்துச் சிரித்தது. சுகுணா அக்கா, "ஏன்டி, என்ற மூச்சுக்கு என்னடி கொறச்சல்" என்று டம்ளரை ஓங்கினாள். தாரணி மேடத்தைப் பார்த்தாள். அளவு முடிந்தது, இனி மாற்றலாம். மேடம் தலையசைத்தார். "ஜன்னலைத் திறந்து பார்க்கலாங்களா?" என்று பெண்களிடம் கேட்டாள்.

காலண்டரைச் சுகுணா அக்காவே கண்ணில் ஒற்றிக்கொண்டு கழற்றினாள். டேப்பை நாலு பேர் சேர்ந்து உரித்தார்கள், பர்ரென்று வருடக்கணக்கான சத்தத்தோடு வந்தது. தெர்மகோல் உடைந்து பனி போலக் கொட்டியது. இரண்டு ஜன்னலும் எதிரெதிரே திறந்ததும், சூடான, புழுதி வாசம் கலந்த, லாரி ஹாரன் சேர்ந்த ஈரோட்டுக் காற்று ஒரே பாய்ச்சலாக உள்ளே வந்து ரசீதுகளைப் பறக்கவிட்டது. "கிட்டப் போகாதீங்க, ஒன்றரைக் கை தள்ளி நில்லுங்க" என்று தாரணி கத்தினாள். பெண்கள் டியூப்லைட்டை அணைத்துவிட்டு, அரைவட்டமாக நின்று, மூக்கைப் பொத்திக்கொண்டு, எண்ணைப் பார்த்தார்கள். ஆயிரத்து அறுநூறு. ஆயிரத்து முந்நூற்று ஐம்பது. "எறங்குதுடி! எறங்குது!" கடைசி ஓவரில் ரன் எண்ணுவது போல ஒவ்வொரு நூறுக்கும் கத்தினார்கள். ஆயிரத்துக்குக் கீழே போனபோது கைதட்டலே விழுந்தது. போனில் காத்திருந்த யாரோ ஒரு வாடிக்கையாளர், "என்னம்மா அங்க, கல்யாணமா?" என்று கேட்டது எல்லோருக்கும் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் யூனிஸ் மேடம் துணிப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, மேசை விளிம்பில் வைத்து, ஒரு கட்டத்தில் டிக் அடித்து, கையெழுத்துப் போட்டு, அவள் பக்கம் திருப்பினார். தேர்ச்சி. கீழே ஒரு குறிப்பு, சின்ன எழுத்தில்: 'நான்கு அளவுகளைத் தானே தள்ளினார்.' அதற்கும் கீழே ஒரு வெற்றுக் கோடு. கோட்டுக்கு அடியில் அச்சிட்டிருந்தது, ஆய்வாளர். "அங்க நீங்க போடணும்" என்றார் மேடம். தாரணி பேனாவைத் திறந்தாள். முழுப் பெயரையும் எழுதினாள், அவசரப்படாமல், எழுத்துகள் ஒன்றோடொன்று மோதாமல். திங்கட்கிழமை முதல் வேலை, அந்த விடுதி. ஐந்து வார்த்தை.

தெருவுக்கு வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டாள். பின்னணியில் உருளை கடகடத்தது. "ஜெயிச்சுட்டேம்மா." இருமல். "என்ன கண்ணு? சத்தமாச் சொல்லு." "ஜெயிச்சுட்டேன்! இனி என்ற கையெழுத்துத்தான்! அடுத்த வாரம் உங்க குடோனுக்கு வர்றேன், பொட்டியோட." அம்மாவின் சிரிப்பு, இருமலோடு கலந்து. "எப்படி வருவே? அன்னிக்கு மாதிரி வாசல்லயிருந்து மூஞ்சிய உப்பிக்கிட்டா?" தாரணி நடு ரோட்டில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த டெம்போக்காரன் ஹாரன் அடித்தான். "உனக்குத் தெரியுமா?" "தெரியாம? நீ வந்துட்டுப் போற வரைக்கும் நானும் எண்ணுவனே. வெளிய போயி விட்டுட்டயான்னு பார்த்துட்டுத்தான் மறுக்கா வேலையத் தொடுவேன்." அம்மாவும் நாற்பத்திரண்டு எண்ணியிருக்கிறாள். லாரிப் புகையும் புழுதியும் டீக்கடை ஆவியுமாக இருந்த அந்தக் காற்றை, நானூற்று முப்பது, அவள் இரண்டு நுரையீரலும் கொள்ளும் வரைக்கும் இழுத்தாள், இழுத்து, ஹா என்று, தெருவே திரும்பிப் பார்க்கும்படி விட்டாள். "விட்டுட்டேம்மா" என்றாள்.